செல்போன் தானாக அணைகிறதா? முதலில் சிம்மைக் காப்பாற்றுங்கள், பிறகு பழுதைத் தேடுங்கள்

கேள்வி: ‘‘மூன்று வருடமாகப் பயன்படுத்தும் ஸ்மார்ட் போன், ஒரு மாதமாகத் தானாக அணைந்துவிடுகிறது. 40, 45 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே அணைகிறது. மறுபடி ஆன் செய்தால் சில நேரம் 30 சதவீதம் காட்டும்; சில நேரம் ஆன் ஆகவே ஆகாது. சார்ஜரில் மாட்டி வைத்தால் அணைவதில்லை. பி.எம். கிசான் கே.ஒய்.சி. செய்ய உட்கார்ந்தபோது, ஓ.டி.பி. வரும் நேரத்தில் இரண்டு முறை அணைந்துவிட்டது. கடையில் ‘போர்டு போய்விட்டது, புது போன் வாங்குங்கள்’ என்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?’’
- வாசகர், திருவாரூர் மாவட்டம்.

பதில்: அவசரப்பட்டுப் புது போன் வாங்க வேண்டாம். இந்தக் கேள்வியில் சொல்லியிருக்கும் அடையாளங்கள் போர்டைவிடப் பேட்டரியைத்தான் அதிகம் காட்டுகின்றன. அதற்கான காரணத்தைப் பார்ப்பதற்கு முன்பு, இன்றே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

சிம்மை மாற்றிப் போடுங்கள்

ஓ.டி.பி. வருவது சிம்முக்குத்தான், போனுக்கு அல்ல. எனவே சிம்மைக் கழற்றி, வீட்டில் நன்றாக வேலை செய்யும் இன்னொரு போனில் போட்டால் போதும். பழைய பட்டன் போனாக இருந்தாலும் சிம் பொருந்தி, சிக்னல் கிடைத்தால் ஓ.டி.பி. குறுஞ்செய்தி வந்துவிடும். கே.ஒய்.சி.யை அதில் முடித்துக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லை என்றால், ஆதார் எண்ணோடு பொதுச் சேவை மையத்துக்குப் போய்க் கைரேகை வைத்து முடிக்கலாம், அங்கே ஓ.டி.பி. தேவைப்படாது. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வரும் பணம் அது. போன் பழுது என்பதற்காகத் தவணையைத் தவறவிட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. அடுத்தவர் போனில் சிம்மைப் போட்டு ஓ.டி.பி. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் செயலியை அந்தப் போனில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டாம்.

பழுதான போனைச் சிம்மோடு சேர்த்துப் பரணில் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில்தான் பெரிய இழப்பு வருகிறது. ப்ரீபெய்டு சிம்மில் தொடர்ந்து 90 நாள்கள் அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா என எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால், அந்த இணைப்பைத் துண்டிக்க விதி இடம் தருகிறது. துண்டிக்கப்பட்ட எண் பிற்பாடு வேறொருவருக்கும் போகலாம். ஆதாரில், வங்கிக் கணக்கில், பயிர்க் காப்பீட்டில், கொள்முதல் பதிவில் எல்லாம் அந்த எண்தான் இருக்கும். அத்தனை இடத்திலும் எண்ணை மாற்ற அலைவதைவிட, சிம்மை இன்னொரு போனில் உயிரோடு வைத்திருப்பது சுலபம்.

45 சதவீதம் இருந்தும் ஏன் அணைகிறது?

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசியில் இருக்கும் மோட்டார் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு பல்பைப் போட்டால் எரியும். கரன்ட் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். மோட்டார் பட்டனை அழுத்தியதும் வோல்டேஜ் படுத்துவிடும். ஸ்டார்ட்டர் டிரிப் ஆகிவிடும். மோட்டாரை நிறுத்தினால் பல்பு மறுபடி பிரகாசமாக எரியும்.

பழைய பேட்டரியிலும் நடப்பது இதுதான். செல்போனில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜும் இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே போனால் போன் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள அணைந்துவிடும். பேட்டரிக்கு வயதாகும்போது அதன் உள் மின்தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது தாக்குப்பிடிக்கும். கேமரா, டார்ச், வீடியோ, இணையம் என்று ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் சட்டென்று விழும். சதவீதக் கணக்கு 45 என்று காட்டிக்கொண்டிருந்தாலும் போன் அணைந்துவிடும். கொஞ்ச நேரம் ஓய்ந்த பிறகு ஆன் செய்தால் மறுபடி 30 சதவீதம் காட்டுவதும் இதனால்தான். சார்ஜரில் மாட்டினால் அணையாததற்கும் காரணம் இதுவே; அப்போது வெளியிலிருந்தும் மின்சாரம் வருகிறது.

வயலில் டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் இந்தத் தொந்தரவு கூடும். சிக்னல் குறைவாக இருந்தால் டவரை எட்டுவதற்காகப் போன் அதிக மின்சாரத்தைச் செலவழிக்கும், சூடும் ஏறும்.

சாதாரணமாக ஒரு பேட்டரி, முழுதாக ஏற்றி இறக்கும் கணக்கில் சுமார் 500 தடவைக்குப் பிறகு தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். சில புதிய போன்களில் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். தினமும் சார்ஜ் ஏற்றும் போனுக்கு இரண்டு, மூன்று வருடத்தில் தளர்ச்சி வருவது இயல்புதான்.

எப்போது அணைகிறது என்று எழுதி வையுங்கள்

பயிர் மஞ்சளானதும் யூரியா மூட்டையைப் பிரிப்பதில்லை. அடி இலை மஞ்சளா, குருத்திலை மஞ்சளா என்று முதலில் பார்க்கிறோம். அடி இலை என்றால் தழைச்சத்து. இளம் இலை என்றால் இரும்பு, கந்தகம் என்று யோசனை வேறு பக்கம் போகும். போனுக்கும் அப்படித்தான். இரண்டு நாள்களுக்கு, போன் அணையும்போதெல்லாம் ஒரு காகிதத்தில் நேரம், சார்ஜ் சதவீதம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று மூன்றையும் குறித்துவையுங்கள். பிறகு கீழே உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள்.

1. உண்மையில் அணைகிறதா? திரை கறுத்ததும் இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். மணி அடித்தால் போன் அணையவில்லை, திரையில்தான் கோளாறு. பேசும்போது மட்டும் திரை கறுத்து, திரும்ப வரவில்லை என்றால், மேலே காது வைக்கும் இடத்தில் உள்ள சென்சாரை அழுக்கோ, திரை மேல் ஒட்டிய கண்ணாடியோ மறைத்திருக்கலாம். துடைத்துப் பாருங்கள்.

2. அணைந்து தானாகவே ஆன் ஆகிறதா? கம்பெனிப் பெயர் காட்டி மறுபடி தொடங்கினால், பேட்டரியோடு செயலிக் கோளாறு, நினைவகம் நிரம்பியது ஆகியவற்றையும் சந்தேகிக்க வேண்டும். தேவையில்லாத வீடியோக்களை அழியுங்கள். அண்மையில் ஏற்றிய செயலியை நீக்குங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், அணைக்கும் பட்டனை அழுத்தியதும் வரும் ‘பவர் ஆஃப்’ என்பதை விரலால் அழுத்திப் பிடித்தால் ‘சேஃப் மோட்’ என்று வரும். அதில் போன் தன்னோடு வந்த செயலிகளோடு மட்டும் இயங்கும். ஒரு நாள் முழுக்க அதில் அணையாமல் ஓடினால், குற்றவாளி நாம் ஏற்றிய ஏதோ ஒரு செயலி.

3. தினமும் ஒரே நேரத்தில் அணைகிறதா? சில போன்களில் குறித்த நேரத்தில் தானாக அணைந்து, குறித்த நேரத்தில் ஆன் ஆகும் வசதி இருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டாக அதை வைத்திருக்கலாம். செட்டிங்கில் பார்த்து நீக்குங்கள்.

4. வெயிலில் மட்டும் அணைகிறதா? பெரும்பாலான போன்கள் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கென்று தயாரிக்கப்படுகின்றன. சித்திரை வெயிலில் டிராக்டர் பானெட் மேலோ, மோட்டார் கொட்டகைத் தகரத்தின் மேலோ வைத்த போன் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். சூடு அளவு மீறினால் போன் தானே அணைந்துகொள்ளும். நிழலில் வைத்துத் தானாக ஆற விடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் மார்கழிக் குளிரில் அதிகாலையில் அணைந்தால், அது குளிரால் பேட்டரி சுணங்குவது. உடம்பை ஒட்டிய பையில் வைத்திருந்தால் சரியாகும்.

5. கையில் எடுக்கும்போது, பையில் போடும்போது அணைகிறதா? பவர் பட்டன் அமுங்கி நின்றிருக்கலாம். வியர்வை, யூரியா, பொட்டாஷ் தூள் பட்ட கையால் எடுத்துப் பழகிய போனில் பட்டன் ஓரம் பிசுபிசுத்துச் சிக்கிக்கொள்ளும். இறுக்கமான கவரும் பட்டனை அழுத்தும். கவரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

6. 20, 30, 40 சதவீதத்தில், அதுவும் கேமரா, டார்ச், வீடியோ போடும்போது அணைகிறதா? சார்ஜரில் இருக்கும்போது அணையாமல் இருக்கிறதா? அப்படியானால் பேட்டரிதான். திருவாரூர் வாசகரின் போன் இந்த வகையில்தான் வருகிறது.

7. சார்ஜரில் மாட்டியிருக்கும்போதும், சூடு இல்லாதபோதும், சேஃப் மோடிலும் அணைகிறதா? அப்போதுதான் போர்டைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன், நன்றாக வேலை செய்யும் வேறொரு சார்ஜரையும் வயரையும் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு முறை சரி பார்க்கலாம்

சதவீதக் கணக்கு பிசகினாலும் இப்படி நடக்கும். போனை 100 சதவீதம் ஏற்றுங்கள். அது தானாக அணையும் வரை பயன்படுத்துங்கள். பிறகு அணைந்த நிலையிலேயே மறுபடி 100 வரை ஏற்றி ஆன் செய்யுங்கள். கணக்கு சரியாகிவிட்டால் அதற்குப் பிறகு கடைசி சில சதவீதம் வரை ஓடும். மறுபடியும் 40-லேயே அணைந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். இந்தச் சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். அடியோடு காலி செய்வது பேட்டரிக்கு நல்லதல்ல.

பேட்டரி மாற்றும் செலவு மாடலுக்கு மாடல் மாறும். சாதாரண போன்களில் பெரும்பாலும் ஒரு மூட்டை டி.ஏ.பி. விலையை ஒட்டித்தான் வரும். இரண்டு கடையில் விலை கேளுங்கள். ‘போர்டு போய்விட்டது’ என்று சொல்லும் கடைக்காரரிடம், ‘வேறு பேட்டரியை மாட்டிப் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். மாட்டிப் பார்க்காமல் சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம்.

கடையில் கொடுப்பதற்கு முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். சிட்டா, பாஸ்புக், ஆதார் படங்கள் இருந்தால் வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். திரைப் பூட்டு எண்ணைக் கடைக்காரர் கேட்டால், நேரில் இருந்து நீங்களே திறந்து கொடுங்கள். பணம் அனுப்பும் செயலியின் பின் எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி மாற்ற அது தேவையே இல்லை.

புது பேட்டரி, சார்ஜர் வாங்கும்போது பி.ஐ.எஸ். குறியும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் கூறுகட்டி விற்கும் சார்ஜர்களில் பலவற்றில் இது இருக்காது.

பேட்டரி உப்பியிருந்தால் அன்றே நிறுத்துங்கள்

போனைச் சமமான தரையில் வைத்து விரலால் சுண்டினால் பம்பரம்போலச் சுற்றுகிறதா? பின்பக்கம் புடைத்திருக்கிறதா? திரை ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? இதில் எது இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது.

அந்தப் போனைச் சார்ஜ் போடக் கூடாது. அமுக்கி மூடக் கூடாது. ஊசி, கத்தியால் குத்தவே கூடாது, குத்தினால் தீப்பிடிக்கும். அணைத்து, வைக்கோல் போர், சாக்கு, உரம், டீசல் இருக்கும் இடங்களிலிருந்து தள்ளி, ஒரு மண் சட்டியில் உலர்ந்த மணலின் மேல் வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுத்துப் பேட்டரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பேட்டரியைக் குப்பையில் போட்டு எரிக்கக் கூடாது. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

தலையணைக்குக் கீழே போனை வைத்துச் சார்ஜ் போட்டபடி தூங்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி கெடுவது ஒரு பக்கம். தீ ஆபத்து இன்னொரு பக்கம். சார்ஜ் போடும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். வழக்கமாக 20-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருந்தால் பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும்.

போனை நம்பியிருக்கும் மோட்டார்

செல்போன் மூலம் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்குப் போன் அணைவது வேறு விதமான நஷ்டம். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்த பிறகு போன் அணைந்தால், கிணற்றில் தண்ணீர் வற்றியும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைப் பதிவு செய்யும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. வீட்டில் இன்னொருவர் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் இல்லாதபோது தானாக நிறுத்தும் வசதி கருவியில் இருந்தால், அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் வயலுக்குப் போகிறவர்கள், போன் டார்ச்சை மட்டும் நம்பிப் போக வேண்டாம். தளர்ந்த பேட்டரி டார்ச் போடும்போதுதான் கைவிடும். வரப்பில் பாம்பு இருக்கும் நேரம் அது. தனியாக ஒரு டார்ச் லைட் கையில் இருக்கட்டும். வீட்டு எண், பக்கத்து வயல்காரர் எண் இரண்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் அணைந்த பிறகு யாருக்கும் எண் நினைவுக்கு வருவதில்லை.

கேள்வி: ‘‘ஆடு மேய்க்கப் போகும்போது பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன். வண்டியில் போகும்போது மேடு பள்ளத்தில் அணைந்துவிடுகிறது. சார்ஜ் நிறைய இருக்கிறது.’’
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: பேட்டரி உள்ளே ஆடுகிறது. பின் மூடியைத் திறந்து பேட்டரியை எடுங்கள். பேட்டரியில் உள்ள பித்தளை நிறத் தகடுகளையும், போனில் அதைத் தொடும் சிறு கம்பிகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். கறுத்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்க்கலாம். பிறகு, கம்பிகளுக்கு எதிர்ப்பக்கம் பேட்டரிக்கும் போனுக்கும் நடுவே சிறு காகிதத்தை மடித்துச் செருகி மூடுங்கள். ஆட்டம் நின்றால் போன் அணைவதும் நிற்கும். பேட்டரி உப்பி மூடி சரியாக உட்காரவில்லை என்றால், காகிதம் வைத்து ஒப்பேற்றாமல் பேட்டரியை மாற்றிவிடுங்கள். பட்டன் போன் பேட்டரி விலை குறைவு, நீங்களே மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: ‘‘மருந்து அடிக்கும்போது சட்டைப் பையில் இருந்த போன் நனைந்துவிட்டது. அரிசிக்குள் ஒரு நாள் போட்டு எடுத்தேன். இப்போது ஆன் ஆகிறது, ஆனால் அடிக்கடி அணைகிறது.’’
- வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுத்துவிடாது. அதில் இருக்கும் தவிட்டுத் தூள்தான் சார்ஜ் போடும் துளைக்குள் போகும். போன் நனைந்தால் உடனே அணைத்து, சிம்மை எடுத்து, துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி நிறுத்தி, நிழலில் ஃபேன் காற்றில் குறைந்தது ஒரு நாளாவது வைக்க வேண்டும். அதுவரை சார்ஜ் போடக் கூடாது. வெயிலிலும் வைக்கக் கூடாது.

உங்கள் போனில் போயிருப்பது வெறும் தண்ணீர் அல்ல, மருந்துக் கரைசல். நீர் காய்ந்த பிறகும் அதில் கரைந்திருந்த பொருள்கள் போர்டிலேயே படிந்திருக்கும். நாளாக நாளாக அரிக்கும். இப்போது ஓடுகிறதே என்று விடாமல், இந்த வாரமே சர்வீஸ் கடையில் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நனைந்தது மருந்துக் கரைசலில் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். போனைத் துடைத்த துணியைத் தனியாக வையுங்கள். உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்துக் கையோடு எடுத்த போனைத்தான் பிறகு காதில் வைக்கிறோம். பிள்ளைகளும் எடுத்து விளையாடுகிறார்கள். அடுத்த முறை மருந்து அடிக்கப் போகும்போது போனை வீட்டிலோ, வரப்பில் நிழலில் ஒரு டப்பாவிலோ வைத்துவிட்டு இறங்குங்கள்.